வென்ற பணத்தை எடுக்க முதலில் 'வரி' கட்ட வேண்டுமா?

கேள்வி: ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் இருந்து எழுதுகிறேன். எனது இளைய மகனுக்கு 23 வயது. காலபோக நெல் விற்ற காசில் 15,000 ரூபாயை, சிங்கமும் யானையும் சுழலும் சபாரி ஸ்லொட் விளையாட்டொன்றில் (பந்தயம் கட்டிப் படங்களைச் சுழற்றும் சூதாட்டம்) போட்டிருக்கிறான். 240,000 ரூபாய் வென்றுவிட்டதாகத் திரையில் காட்டுகிறது. அதை எடுப்பதற்கு முன்னர் பத்து சதவீத வரியாக 24,000 ரூபாயை ஒருவரின் வங்கிக் கணக்கில் வைப்பிலிடும்படி வட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். சிறுபோகத்துக்கு உரம் வாங்க வைத்திருக்கும் காசு கையில் இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. அந்த 240,000 ரூபாயிலேயே 24,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு மிகுதியை அனுப்பும்படி மகனை ஒரு செய்தி போடச் சொல்லுங்கள். உண்மையில் பணம் இருப்பவர்களுக்கு அது ஒரு நிமிட வேலை. அவர்கள் மறுத்து, "முறை அப்படி இல்லை" என்று சொன்னால், திரையில் தெரிவது பணமன்று, வெறும் இலக்கம் என்பது உங்களுக்கே விளங்கிவிடும். அரசுக்குரிய வரியைத் தனியாள் ஒருவரின் சேமிப்புக் கணக்கில் எவரும் அறவிடுவதில்லை. இந்த 24,000 ரூபாயைக் கட்டியவர்களிடம் அடுத்ததாகக் கணக்கைத் திறக்கும் கட்டணம், அதற்கடுத்ததாகச் சரிபார்ப்புக் கட்டணம் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். உங்கள் பக்கம் வயலுக்குள் இறங்கும் யானைக்காவது வெடி கொளுத்தலாம். இதற்கு அந்த வழியும் இல்லை.

இன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. அந்தச் செயலியை அழிப்பதற்கு முன்னர், மீதித் தொகை காட்டும் திரை, வட்ஸ்அப் உரையாடல், அவர்கள் தந்த கணக்கு இலக்கம், 15,000 ரூபாய் வைப்பிலிட்ட பற்றுச்சீட்டு ஆகிய எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மகனுடன் வங்கிக் கிளைக்குச் சென்று நடந்ததைச் சொல்லுங்கள். அட்டை இலக்கத்தையோ ஓடிபி இலக்கத்தையோ கொடுத்திருந்தால், கிளை திறக்கும்வரை காத்திராமல் தொலைபேசியிலேயே அட்டையை நிறுத்தச் சொல்ல வேண்டும். அடையாள அட்டையின் படத்தை அனுப்பியிருந்தால் அதையும் மறைக்காமல் கூறுங்கள். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெறுங்கள். போட்ட 15,000 ரூபாய் திரும்பி வரும் என்று நான் நம்பிக்கை தரமாட்டேன். ஆனால் பெறுபவரின் கணக்கில் பணம் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால், முறைப்பாடு எவ்வளவு விரைவில் போகிறதோ அவ்வளவுக்கு வாய்ப்பு இருக்கிறது. விளையாட்டை வட்ஸ்அப்பில் வந்த இணைப்பின் மூலம் இறக்கியிருந்தால், அந்தத் தொலைபேசியில் இனி வங்கிச் செயலியைத் திறக்கக் கூடாது. படங்களை எடுத்து முடித்ததும் அந்தச் செயலியை நீக்கி, கடவுச்சொற்களை வேறொரு தொலைபேசியிலிருந்து மாற்றுங்கள்.

ஒப்பந்தப்படி பணம் தரும் ஸ்லொட் விளையாட்டுகளும் உலகில் இருக்கின்றன என்று மகன் வாதிடக்கூடும். இருக்கின்றன. ஆகவே ஒரு பொருளை வாங்குவதைப் போல அதன் விலையையும் பார்த்துவிடுவோம். இந்த வகையில் பெயர்பெற்றது 2006 இல் வெளிவந்த மெகா மூலா. சுழலும் படநிரல்கள் ஐந்து, ஒரே படங்கள் பொருந்தினால் பரிசு தரும் வரிசைகள் இருபத்தைந்து. சிங்கம் மற்றப் படங்களுக்குப் பதிலாக நிற்கும். குரங்கு இலவசச் சுற்றுகளைத் தரும். அதன் வழக்கமான பரிசுகளின் மீள்வீதம் சுமார் 88 சதவீதம். அதாவது, நீண்ட கால ஓட்டத்தில் 100 ரூபாய்ப் பந்தயத்துக்குச் சராசரியாக 88 ரூபாய் பரிசாகத் திரும்புகிறது. பெரும்பரிசுக்கென ஒதுக்கப்படும் பங்கு இதற்குப் புறம்பானது. அது உலகின் எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒருவருக்குப் போய்ச் சேரும்.

88 என்பது நல்ல வீதமாகத்தானே தெரிகிறது என்று நினைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விளையாடுபவர் திரும்பி வந்த பணத்தைப் பைக்குள் போடுவதில்லை, மறுபடியும் பந்தயத்தில் போடுகிறார். ஆயிரம் ரூபாய் முதற்சுற்று முடிவில் 880 ஆகும், அடுத்ததில் 774, பின்னர் 681, பின்னர் 600, ஐந்தாவது முறை ஏறத்தாழ 528. சாக்குக்குச் சாக்கு நெல்லை மாற்றி அளக்கும்போது ஒவ்வொரு கொத்திலும் ஒரு பிடி சிந்தினால் கடைசியில் என்ன மிஞ்சும் என்று மகனிடமே கேளுங்கள், அவன் வயல் செய்பவன். வரிசைக்கு ஒரு ரூபாய் வீதம் 25 ரூபாய்ப் பந்தயத்தில், ஆறு செக்கனுக்கு ஒரு முறை சுழற்றினால் ஒரு மணித்தியாலத்தில் 600 சுழற்சிகள், 15,000 ரூபாய்ப் பந்தயம். அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், அந்த ஒரு மணித்தியாலத்தின் சராசரி விலை. ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ஒவ்வொரு சுழற்சியையும் எழுமாற்று எண் உருவாக்கி, அதாவது குலுக்கல்போல எண்களைத் தரும் நிரல், தனித்தனியே தீர்மானிப்பதால், "இவ்வளவு நேரம் வரவில்லை, இனி வந்துதான் ஆக வேண்டும்" என்ற கணக்குக்கு அங்கே இடமில்லை.

ஒலியையும் கவனியுங்கள். 25 ரூபாய் போட்டு 10 ரூபாய் வந்தால் 15 ரூபாய் நட்டம். ஆனாலும் பல விளையாட்டுகளில் மணி அடிக்கும், காசு கொட்டும் சத்தம் கேட்கும். பிரித்தானியாவில் இணையவழி ஸ்லொட்டுகளில் இப்படி நட்டத்தைக் கொண்டாடுவதையும், தானாகவே சுழலும் வசதியையும் 2021 ஒக்டோபரில் தடைசெய்து, ஒரு சுழற்சிக்குக் குறைந்தது 2.5 செக்கன் எடுக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். மகனின் செயலி இந்த மூன்று விதிகளில் எதை மீறுகிறது என்று ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

நமது நாட்டில் சூதாட்ட ஒழுங்குறுத்தல் அதிகாரசபைக்கான சட்டமூலம் 2025 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இணையவழிச் சூதாட்டமும் அதன் எல்லைக்குள் வருகிறது. இருந்தாலும், முகவரியோ உரிம இலக்கமோ இல்லாமல் வட்ஸ்அப் இலக்கம் ஒன்றோடு மட்டும் நிற்பவர்களை எந்தச் சட்டத்தின் கீழும் தேடிப் பிடிப்பது கடினம். மகன் வெட்கப்பட்டு ஒதுங்கி இருக்கிறான் என்றால் ஏச வேண்டாம். இழந்ததை மீட்கக் கடன் எடுக்கும் எண்ணம் அவனிடம் தெரிந்தால், தேசிய மனநல உதவி இலக்கமான 1926 ஐ அழைத்துப் பேசலாம்.

கேள்வி: கிளிநொச்சியில் கடையொன்றில் வேலை செய்கிறேன். ஒரு சூதாட்டத் தளம் 5,000 ரூபாய் போனஸ் தந்தது. அதை எடுக்க முடியவில்லை. "35 மடங்கு" என்று காட்டுகிறது. ஏமாற்றா?

பதில்: நிபந்தனை எழுதப்பட்டிருந்தால் சட்டப்படி ஏமாற்று என்று சொல்வது கடினம், ஆனால் பரிசென்றும் சொல்ல முடியாது. 5,000 ரூபாயை எடுப்பதற்கு அதன் 35 மடங்கான 175,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்ட வேண்டும். 96 சதவீத மீள்வீதம் உள்ள நல்ல விளையாட்டிலும் அதற்கான சராசரி இழப்பு 7,000 ரூபாய். விட்டுவிடுங்கள்.

கேள்வி: மாங்குளத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எனது பேரன் காட்டு மிருக ஸ்லொட் விளையாட்டின் இலவசப் பதிப்பை எனது தொலைபேசியில் விளையாடுகிறான். நேற்று 1,900 ரூபாய் கழிந்திருக்கிறது.

பதில்: இலவசப் பதிப்பில் விற்கப்படுவது திரை நாணயங்கள், ரீச்சர். காசு கொடுத்து அவற்றை வாங்கலாம், காசாக மாற்ற முடியாது. பிளே ஸ்டோர் மூலம் கழிந்திருந்தால், வாங்கிய 48 மணித்தியாலங்களுக்குள் அங்கேயே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்; பிள்ளை தெரியாமல் வாங்கினான் என்று காரணத்தைக் குறிப்பிடுங்கள். நேற்றுக் கழிந்தது என்பதால் இன்றே அதைச் செய்யுங்கள். பின்னர் பிளே ஸ்டோர் அமைப்புகளுக்குள் சென்று, ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள். அந்தக் கடவுச்சொல் பேரனின் பிறந்த திகதியாக இருக்க வேண்டாம்.