கடல் பக்கம்தான், ராத்திரி தூக்கம் வருமா? லாஸ் ஏஞ்சலஸ் ஆர்.வி. கேள்வி பதில்

லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி ஆர்.வி.யோட (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வண்டி) எங்கே தங்கலாம்னு கேள்விகள் வந்து குவிஞ்சிருக்கு. ஒவ்வொருத்தருக்கா எழுதினா முடியாது, அதான் இன்னைக்கு மொத்தமா உட்கார்ந்துட்டேன். எங்க வண்டி 24 அடி மோட்டார்ஹோம். வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, நான். எட்டு வருஷமா இந்தக் கரையோரம் சுத்தறோம். நல்லா இருந்த இடத்தை நல்லா இருந்துச்சுன்னு சொல்றேன், தூக்கம் போன இடத்தையும் சொல்றேன்.

கேள்வி: அக்கா, டாக்வைலர் பீச் ஆர்.வி. பார்க் மேப்பில் பார்த்தா மணலை ஒட்டியே இருக்கு. ஹூக்கப்பும் (வண்டிக்குத் தண்ணீர், கரண்ட், சாக்கடை இணைப்பு) இருக்கு. ஊருக்குள்ளே இப்படி ஒரு இடமா? எல்லாரும் ஏன் யோசிச்சுப் போங்கன்னு சொல்றாங்க? (சன்னிவேல்)

மேப்பில் இல்லாத விஷயம் ரெண்டு இருக்கு: சத்தம், வாசனை.

எல்.ஏ.எக்ஸ். விமான நிலையத்தின் மேற்கு முனைக்கு நேர் கீழேதான் அந்தக் கடற்கரை. பகல் முழுக்க விமானங்கள் தலைக்குப் பக்கத்தில் ஏறிக் கடலுக்கு மேலே போகும். "பகல்தானே, ராத்திரி அடங்கிடும்"னு நாங்களும் நினைச்சோம். அங்கேதான் சிக்கல். ஊருக்குள்ளே இருக்கிறவங்க தூங்கணும்னு, நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6.30 வரைக்கும், காற்று ஒத்துழைச்சா, இறங்கற விமானங்களையும் கடல் பக்கமாவே கொண்டு வருவாங்க. ஊருக்கு நிம்மதி. நமக்கு மேலே சக்கரத்தை இறக்கிக்கிட்டு சரக்கு விமானம் வரும். முதல் தடவை போனப்போ ரெண்டு மணிக்கு என் சின்னவன் எழுந்து உட்கார்ந்து "அம்மா, நம்ம வண்டி கிளம்பிடுச்சா?"ன்னு கேட்டான்.

ரெண்டாவது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஹைப்பீரியன் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். நகரத்தோட பெரிய நிலையம் அதுதான். எப்பவும் நாறாது. கடல் காற்று வீசற மதியத்தில் ஒண்ணுமே தெரியாது. அதிகாலையில் காற்று திரும்பும்போது தெரியும்.

இவ்வளவும் சொல்லிட்டு, நாங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கே போறோம்னும் சொல்லிடறேன். தார் போட்ட பார்க்கிங் மாதிரி இடம்தான், பக்கத்து வண்டிக்காரர் இருமினா கேட்கும். ஆனா தண்ணீர், கரண்ட், சாக்கடை மூணும் உண்டு. படியிறங்கினா மணல். வாசலிலேயே மார்வின் பிராடி சைக்கிள் பாதை. வில் ராஜர்ஸ் பீச்சிலிருந்து டொரன்ஸ் வரைக்கும் 22 மைல் கரையோரமாவே போகும். வடக்கே வெனிஸ், தெற்கே மன்ஹாட்டன் பீச், ரெண்டுக்கும் சைக்கிளிலேயே போயிடலாம். காதுக்குப் பஞ்சு வெச்சுக்கிட்டு ரெண்டு ராத்திரின்னா தாராளமா போங்க. கைக்குழந்தை இருந்தாலும், தொட்டதுக்கெல்லாம் முழிச்சுக்கிற பெரியவங்க இருந்தாலும் வேண்டாம். நாலு நாள்னா யாருக்குமே வேண்டாம்.

கேள்வி: மாலிபு பக்கம் லியோ கரியோ மாநிலப் பார்க் எப்போ பார்த்தாலும் ஃபுல். அதிர்ஷ்டம் உள்ளவங்களுக்கு மட்டும்தான் கிடைக்குமா?

அதிர்ஷ்டம் இல்லைங்க, அலாரம். மாநிலப் பார்க்குகளுக்கு ரிசர்வ் கலிஃபோர்னியா தளத்தில்தான் முன்பதிவு. நீங்க போய்ச் சேர்ற தேதிக்கு சரியா ஆறு மாசம் முன்னாடி காலை 8 மணிக்குத் திறக்கும். ஜூலை 4 போகணும்னா ஜனவரி 4 காலை 7.55க்கே உள்ளே நுழைஞ்சு, கார்டு விவரத்தையெல்லாம் முன்னாடியே சேமிச்சு வெச்சுக்கிட்டு உட்காரணும். நம்ம ஊர் தத்கால் டிக்கெட் போட்டுப் பழகினவங்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம்.

அது தவறிப்போச்சுன்னா, கிளம்பற வாரத்தில் தினமும் ரெண்டு தடவை பாருங்க. மழை வரும்னு அறிவிப்பு வந்த மறுநாள் நிறையப் பேர் ரத்து செய்வாங்க. ஞாயிறு முதல் வியாழன் வரைக்கும்னா, பள்ளிக்கூட நாட்களில் ஒரு மாசம் முன்னாடிகூட கிடைச்சிருக்கு. டாக்வைலர் இந்தத் தளத்தில் வராது, அது கவுண்டி (மாவட்ட) நிர்வாகத்துக்கு உட்பட்டது, தனியா தேடணும்.

கேள்வி: ரெண்டு பசங்க, 8 வயசு, 11 வயசு. மாலிபு வெங்கடேஸ்வரர் கோயிலுக்கும் போகணும், கடலும் வேணும். மாலிபு க்ரீக்கா, லியோ கரியோவா? (சாக்ரமெண்டோ)

பேரில் மாலிபு இருக்கறதால எல்லாரும் ஏமாறுற இடம் மாலிபு க்ரீக் மாநிலப் பார்க். அங்கே கடல் கிடையாது. மலைக்கு உட்பக்கம் இருக்கு. கடல் காற்றை சாண்டா மோனிகா மலை மறிச்சுக்கும். கடற்கரையில் 70 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டற ஜூலை மதியத்தில் அங்கே 100 தொடும். ஹூக்கப் கிடையாது, அதனால ஏ.சி.யும் ஜெனரேட்டர் நேரத்தில் மட்டும்தான். மாநிலப் பார்க்குகளில் ஜெனரேட்டர் காலை 10லிருந்து இரவு 8 வரைக்கும்தான்.

கோயிலைப் பொறுத்தவரை அது கூப்பிடு தூரம். ரெண்டுமே லாஸ் விர்ஜெனஸ் ரோட்டில்தான் இருக்கு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும்னா கண்ணை மூடிக்கிட்டு மாலிபு க்ரீக் போங்க. காலையில் குளிச்சுட்டு சுப்ரபாத நேரத்துக்குக் கிளம்பலாம். ஆனா மோட்டார்ஹோமைக் கோயிலுக்கு ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க. விசேஷ நாளில் காருக்கே இடம் கிடைக்காது. தனி கார் இல்லைன்னா, கேம்புக்குப் போற வழியில் கூட்டமில்லாத நாளில் பார்த்துட்டுப் போயிடுங்க.

கோடையில்னா லியோ கரியோ. சாண்டா மோனிகாவிலிருந்து 28 மைல் மேற்கே. சிக்கமோர் மரங்களுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, அதில் கேம்ப். உங்க இடத்திலிருந்து கடல் தெரியாது. நெடுஞ்சாலைக்கு அடியில் நடந்து அந்தப் பக்கம் போனா கடற்கரை, பசங்க ரோட்டைக் கடக்கவே வேண்டாம். பாறைக் குட்டைகளில் நட்சத்திர மீன், கடல் சாமந்தி எல்லாம் பார்க்கலாம். ஒரு சின்னக் கணக்கு: இந்தக் கரையில் நீர் ரொம்ப வடியறது குளிர்காலத்தில் மதிய நேரத்தில், கோடையில் விடியறதுக்கு முன்னாடி. அதனால ஜூலையில் போறவங்க குட்டை பார்க்கணும்னா டார்ச்சோட எழுந்திருக்கணும். எங்க பெரியவ ஒரே ஒரு தடவை எழுந்தா. ஆக்டோபஸ் பார்த்தது அவ மட்டும்தான், இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கா.

அங்கேயும் ஹூக்கப் கிடையாது. ரெண்டு இடத்திலும் 30 அடி வண்டிக்கு மேல சிரமம். பள்ளத்தாக்கில் போன் சிக்னலை நம்பி "அங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கிறேன்"னு மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க.

வழி முக்கியம். 101 நெடுஞ்சாலையிலிருந்து லியோ கரியோவுக்கு ஜி.பி.எஸ். பெரும்பாலும் கேனன் டூம் ரோட்டைக் காட்டும். சுரங்கம், வளைவு, கடைசியில் கடலை நோக்கி ஒரே இறக்கம். பிரேக் போன லாரிக்குன்னு கீழே ஜல்லிப் பள்ளமே வெட்டி வெச்சிருக்காங்க, பார்த்துக்கோங்க. வடக்கிலிருந்து வர்றவங்க கமரியோவில் லாஸ் போசாஸ் ரோடு எடுத்து இறங்கி, பசிபிக் கோஸ்ட் ஹைவேயில் தெற்கே வாங்க. சமதளம், வழி முழுக்கக் கடல் பக்கத்திலேயே வரும்.

கேள்வி: கரண்ட் இணைப்பு 30 ஆம்ப் போதுமா, 50 ஆம்ப் வேணுமா? சமையலுக்குத் தாங்குமா?

30 ஆம்ப்னா 120 வோல்ட்டில் 3,600 வாட். ஏ.சி. ஓடினா 1,500 போச்சு. இண்டக்‌ஷன் அடுப்பு 1,800. மிச்சம் 300தான். நான் இந்தக் கணக்கெல்லாம் போடாம வெங்காயச் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டேன். டப்புனு இருட்டு. ஹெட்லைட்டை நெத்தியில் மாட்டிக்கிட்டு பிரேக்கர் தேடினோம்.

கடலோரத்தில் ஏ.சி. தேவையே படாது, அதனால 30 போதும். கேஸ் அடுப்பு இருக்கே, குக்கரை அதில் வைங்க. மாவை மட்டும் வீட்டிலேயே அரைச்சுக் கொண்டு வந்துடுங்க. கடல் குளிரில் புளிக்காது, முதல் நாளே பொங்கினதா இருக்கணும்.

கேள்வி: ஹூக்கப் இல்லாத இடத்தில் நாலு பேர் எத்தனை நாள் தாங்கலாம்?

முதலில் நிறையறது கழிவறைத் தொட்டி இல்லை, குளிக்கிற, பாத்திரம் கழுவற தண்ணீர் போற கிரே டேங்க். எங்களுது 40 கேலன். ஷவர் நிமிஷத்துக்கு 2 கேலன் கொட்டுதுன்னு வெச்சுக்கோங்க. மூணு பேர் ஏழு நிமிஷம் குளிச்சா முடிஞ்சது. அதனால குளியல் பார்க்கின் பொதுக் குளியலறையில். சாம்பார் தட்டை பேப்பரால் துடைச்சுட்டு அப்புறம் கழுவுங்க, இல்லைன்னா மூணாம் நாள் சிங்க் வழியா பருப்பு வாசனை ஏறும். இப்படி இருந்தா மூணு ராத்திரி தாராளம்.

காலி செய்யும்போது பிளாக் டேங்க் (கழிவறைத் தொட்டி) முதலில், கிரே பின்னாடி. அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிடும். சாக்கடை இணைப்பு இருக்கிற இடத்தில் பிளாக் வால்வைத் திறந்தே விட்டுடாதீங்க. தண்ணீர் மட்டும் ஓடிப்போய் கெட்டியானது அடியில் கோபுரமா நின்னுடும். அதைச் சரி பண்ற வேலையை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

கேள்வி: மேடம், டிரெய்லர் இழுத்துக்கிட்டுப் போறோம். மாமியாருக்கு முதுகுவலி, பின்னாடி டிரெய்லரில் படுத்துக்கிட்டு வரலாமா?

கூடாது. கலிஃபோர்னியாவில் ஓடற சாதாரண டிரெய்லருக்குள்ளே ஆள் இருக்கக் கூடாது. மோட்டார்ஹோம்னா பயணிக்கலாம், ஆனா பெல்ட் போட்டு உட்கார்ந்துதான். இழுத்துக்கிட்டுப் போற எந்த வண்டிக்கும் வேகம் மணிக்கு 55 மைல்தான், அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

கேள்வி: கடற்கரை ரோட்டிலேயே ஓரமா நிறுத்தித் தூங்கினா காசு மிச்சம்தானே ப்ரோ?

ப்ரோ இல்லை, அக்கா. நகரத்துக்குள்ளே ஏகப்பட்ட தெருவில் பலகை இருக்கு: 22 அடிக்கு மேல் நீளமோ 84 அங்குலத்துக்கு மேல் உயரமோ உள்ள வண்டி அதிகாலை 2 முதல் 6 வரை நிற்கக் கூடாது. எந்த மோட்டார்ஹோமும் அந்த உயரத்தைத் தாண்டும். மிச்சம் பிடிச்ச காசு அபராதத்துக்குப் போகும்.

கேள்வி: டிஸ்னிலேண்ட்தான் முக்கியம், கடல் ரெண்டாவது. எங்கே தங்கலாம்?

அப்போ மாலிபு, டாக்வைலர் எதையும் பார்க்காதீங்க. 405 நெடுஞ்சாலையில் சாயங்காலம் மாட்டினா பசங்க வாங்கின பலூன் காத்துப்போயிடும். ஆரஞ்ச் கவுண்டி பக்கம் ஹண்டிங்டன் பீச்சில் போல்சா சிகா. மாநிலக் கடற்கரை, தார் தரை, தண்ணீரும் கரண்டும் உண்டு. டிஸ்னிலேண்டுக்கு 15 மைல் சுமார். ரோட்டுக்கு எதிரே சதுப்பு நிலம், பறவை பார்க்கிறவங்களுக்குத் தனி விருந்து. கொஞ்சம் சொகுசு வேணும், நீச்சல்குளம் வேணும்னா நியூபோர்ட் டியூன்ஸ். தனியார் இடம், அலையில்லாத காயல், சின்னப் பசங்களுக்குப் பயமில்லை. விலையைப் பார்த்துட்டு என்னைத் திட்டாதீங்க.

கேள்வி: எந்த மாசம் நல்லது?

மே, ஜூனில் கடற்கரை மதியம் வரைக்கும் சாம்பல் மேகத்தில் மூடிக் கிடக்கும். படம் எடுக்க வந்தவங்க முகம் வாடிப்போகும். செப்டம்பர்தான் எங்க மாசம். தண்ணீர் இதமா இருக்கும், பள்ளிக்கூடம் திறந்ததால கூட்டம் குறையும்.

அக்டோபரிலிருந்து சாண்டா ஆனா காற்று. பாலைவனத்திலிருந்து கடலை நோக்கி, மலை இடுக்கு வழியா, சூடா, வறண்டு அடிக்கும். ஒரு தடவை ஒரு பள்ளத்தாக்கு கேம்பில் சாயங்காலம் இலைகூட அசையலை. வெளியே பந்தல் துணியை விரிச்சு அடியில் நாற்காலி போட்டு பஜ்ஜி சாப்பிட்டோம். சுருட்டாம படுத்துட்டேன். ரெண்டரை மணிக்கு வண்டியே தூக்கிப் போட்ட மாதிரி ஒரு அடி. வெளியே வந்து பார்த்தா பந்தல் கூரைக்கு மேலே புரண்டு கிடக்கு, அலுமினியக் கை ரெண்டும் மடங்கின முழங்கை மாதிரி. யாரையும் குறை சொல்ல முடியாது, அன்னைக்குக் காற்று எச்சரிக்கை இருந்துச்சு, நான் பார்க்கலை. இப்போ தூங்கப் போறதுக்கு முன்னாடி கேஸ், கதவு, பந்தல்னு மூணையும் தொட்டுப் பார்த்துட்டுத்தான் படுக்கிறது.

அதே காற்றுதான் தீயையும் கொண்டு வரும். 2018 நவம்பர் உல்சி தீயில் மாலிபு க்ரீக், லியோ கரியோ ரெண்டுமே எரிஞ்சுது. ரெட் ஃபிளாக் (தீ அபாய) எச்சரிக்கை வந்த நாளில் மலைப் பக்கம் போகாதீங்க. ஏற்கெனவே உள்ளே இருந்தா வண்டி மூக்கு வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி நிறுத்துங்க, டேங்கில் பாதிக்கு மேல பெட்ரோல் இருக்கட்டும்.

கேள்வி: பாலிசேட்ஸ் தீக்கு அப்புறம் பசிபிக் கோஸ்ட் ஹைவே திறந்தாச்சா?

2025 ஜனவரி 7ல் தீ பிடிச்சது, மே 23ல் ரோடு திறந்தாங்க. மழை பலமா பெய்தா எரிஞ்ச மலையிலிருந்து சேறு இறங்கி மறுபடி மூடுவாங்க. குளிர்காலத்தில் வர்றவங்க கிளம்பற அன்னைக்குக் காலையில் கால்ட்ரான்ஸ் (மாநிலப் போக்குவரத்துத் துறை) தளத்தைப் பார்த்துட்டுக் கிளம்புங்க.

கேள்வி: அம்மா அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்திருக்காங்க. ஒரே ஒரு ராத்திரி, ஆர்.வி.யில், கடல் பக்கத்தில். எங்கே கூட்டிட்டுப் போகட்டும் அக்கா?

இவ்வளவு நேரம் திட்டிட்டு இதைச் சொல்றேன்: டாக்வைலர். ஞாயிறு ராத்திரியா பாருங்க. அவங்களுக்கு ஜெட் லேக், எப்படியும் ரெண்டு மணிக்கு முழிச்சுத்தான் இருப்பாங்க. அப்பாவுக்கு விமானம் எண்ற வேலை கிடைக்கும். இந்தக் கவுண்டியில் கடற்கரை மணலிலேயே நெருப்பு மூட்டக் குழி வெச்சிருக்கிற இடம் ரொம்பக் குறைவு, அதில் இது ஒண்ணு. சாயங்காலம் நாலு மணிக்கே போய் ஒரு குழியைப் பிடிச்சுக்கோங்க. கட்டுக் கட்டா விற்கிற விறகு வாங்குங்க. பழைய மரப் பேலட் எரிக்கக் கூடாது, ஆணி மணலில் தங்கிடும். மக்காச்சோளம் நாலு, உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சை. அம்மாவுக்குக் கனமா ஒரு ஸ்வெட்டர், ஆகஸ்ட்டா இருந்தாலும்.