முருங்கை மரத்தை வெட்டியவர்

கேள்வி: கன்டெம்ப்ட், டிஸ்டெயின், ஸ்கார்ன் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் வீட்டில் இருக்கும் அகராதி 'இகழ்ச்சி' என்றே போட்டிருக்கிறது. 'ஒரே அர்த்தம்னா எதுக்கும்மா மூணு வார்த்தை?' என்கிறாள் பிளஸ் டூ படிக்கும் மகள். என்ன சொல்வது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: மகள் கேட்பது நியாயம்தான். அச்சகத்தில் 31 வருஷம் புரூஃப் பார்த்தவன் நான். இதே சந்தேகம் எனக்கும் இருந்தது. அதைத் தீர்த்துவைத்தது அகராதி இல்லை, தி.நகரில் ஒரு புடவைக்கடை.

அக்கா மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். அம்மா கட்டியிருந்தது சாயம் போன சுங்குடி, கையில் மஞ்சள் பை. கவுன்ட்டரில் இருந்தவர் ஊக்கால் காது குடைந்துகொண்டிருந்தார். "அரக்குக் கலர்ல காட்டுங்க தம்பி" என்றார் அம்மா. அவர் நிமிரவே இல்லை. "காட்டன் எல்லாம் மாடியில" என்று சொல்லிவிட்டு ஊக்கின் நுனியை ஆராய்ந்தார். அதுதான் டிஸ்டெயின். சீந்தாமல் விடுவது என்போமே, அது. அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கும் 'தகுதியில்லை என்று ஒதுக்குதல்' என்றுதான் பொருள்.

அம்மா விடுகிற ஆள் இல்லை. மேல்தட்டில் இருந்த ஒன்றைக் காட்டி விலை கேட்டார். அவர் பக்கத்துக் கவுன்ட்டரைப் பார்த்து, "பாட்டிக்கு அசல் ஜரிகை வேணுமாம்டா!" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அது ஸ்கார்ன், நம் ஊர் எகத்தாளம். கேலி என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பெரும்பாலும் சொல்லிலோ சிரிப்பிலோ வெளியே வந்துவிடும்.

கன்டெம்ப்ட் இந்த இரண்டுக்கும் அடியில் கிடக்கிற வண்டல். நாங்கள் படி இறங்கிய பிறகும், அவர் டீ குடிக்கப் போன பிறகும் அவருக்குள் இருந்திருக்குமே, 'இதெல்லாம் ஒரு ஆளா' என்ற தீர்ப்பு, அதைச் சொல்கிறேன். இது வருவதற்கு, மேலே நின்று பார்க்கிற அந்தஸ்தும் வேண்டாம். லஞ்சம் கேட்கும் அதிகாரி மேல் கூலித் தொழிலாளிக்கு வருவது கன்டெம்ப்ட். அதை டிஸ்டெயின் என்றால் பொருந்தாது. டிஸ்டெயினில் கொஞ்சம் உசத்தி நினைப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

மகளுக்கு ஒரு எச்சரிக்கை. பாரிமுனையில் ஹைகோர்ட் பக்கம் காதில் விழும் 'கன்டெம்ப்ட்' வேறு கதை. நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971 பார்ப்பது நடத்தையை: உத்தரவை வேண்டுமென்றே மீறுவது, நீதி நடப்பதைத் தடுப்பது போன்றவை. 6 மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். மனசுக்குள் என்ன நினைத்தாலும் யாரும் பிடிக்க வர மாட்டார்கள்.

(புடவை வேறு கடையில் எடுத்தோம். அதே அரக்குதான்.)

கேள்வி: ஸ்பைட், மேலிஸ் என்ன வித்தியாசம்? 'இன் ஸ்பைட் ஆஃப்' என்பதில் வரும் ஸ்பைட்டும் இதுதானா?
– வாசகர், ஆதம்பாக்கம்

பதில்: மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரர் ஒரு முருங்கை வளர்த்தார். ஒரு கிளை மதிலைத் தாண்டி அடுத்த வீட்டு மாடிக்குப் போய்விட்டது. அந்த அம்மாள் வாரம் நாலு காய் பறித்து சாம்பார் வைப்பார். வாசனை இங்கே வரும். ஒரு நாள் காலையில் ஆளைக் கூப்பிட்டு மரத்தை அடியோடு வெட்டிவிட்டார் மனிதர். கிளையை இல்லை, மரத்தை! அப்புறம் அவரே மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்கு விலை பேசிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

அது ஸ்பைட். 'தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை' என்கிறோமே, அந்த வீம்பு. சின்ன விஷயமாக இருக்கும், சூடாக இருக்கும், தனக்கு நஷ்டம் என்பதும் உறைக்காது. அதுவே அவர் ராத்திரி மதிலேறி அடுத்த வீட்டு எலுமிச்சை வேரில் ஆசிட் ஊற்றியிருந்தால் மேலிஸ் என்பேன்: வன்மம். இதற்கு ஆறின மனசும் திட்டமும் உண்டு. ஸ்பைட்டைப் பார்த்துச் சிரிக்கலாம், மேலிஸைப் பார்த்தால் பயம்தான் வரும்.

'இன் ஸ்பைட் ஆஃப்' – அதே சொல்தான். ஸ்பைட் என்பதே 'டெஸ்பைட்' தலை தேய்ந்து வந்தது. வேர், லத்தீனில் 'கீழே பார்ப்பது'. ஒன்றை மதிக்காமல், அதை மீறி என்பதுதான் ஆதிப் பொருள். 'மழையை மீறி வந்தார்' என்று மொழிபெயர்த்துப் பாருங்கள், பழைய முறைப்பு அதில் இன்னும் இருக்கிறது. 'மழை பெய்தும் வந்தார்' என்றால் போய்விடுகிறது.

கேள்வி: எனக்கு 71 வயது. வங்கியில் ஒரு பையன் மெஷினில் பாஸ்புக் போடக் கற்றுத்தந்தான். வீட்டில் சொன்னபோது பேத்தி 'கன்டிசெண்டிங்' என்றாள். உதவி செய்தவனைத் திட்டலாமா?
– வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது திட்டு இல்லை, பாராட்டு. பிரபு ஒருவர் தன் உயரத்தைப் பாராட்டாமல் எளியவரோடு பேசினால் அப்படிச் சொல்வார்கள். தமிழில் 'இறங்கி வந்து பேசினார்' இன்றும் நல்ல வார்த்தைதானே? ஆங்கிலத்தில் உயரம் என்ற நினைப்பே பிடிக்காமல் போக, சொல்லும் கெட்டு, 'எதிரே இருப்பவரை மட்டமாக நினைத்துப் பேசுவது' என்றாகிவிட்டது. பையன் சொன்னதைக் கடிதத்தில் அப்படியே எழுதியிருக்கிறீர்கள்: "பச்சை பட்டன் அழுத்துங்க தாத்தா. பச்சை. ப...ச்சை." முதல் பச்சை உதவி. இரண்டாவது, உங்களுக்குக் காது கேட்கவில்லையோ என்ற சந்தேகம். மூன்றாவதைத்தான் பேத்தி சொல்கிறாள்.