கருங்கல் வீடு மலிவுதான், சுவர் காயுமா?

கேள்வி: பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்னெவில் இருபது வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். ஓய்வுக்காலத்துக்கென்று நடுப் பிரான்சில் கிரூஸ் மாவட்டத்தில், லா சூத்தெரேன் பக்கம், பழைய கருங்கல் வீடு ஒன்று பார்த்தோம். 48,000 யூரோ. கொட்டிலும் 2,000 சதுர மீட்டர் காணியும் உண்டு. உள்ளே புதிதாகப் பூசி வெள்ளையடித்திருக்கிறார்கள். "சின்னச் சின்ன வேலைதான் மிச்சம்" என்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா ஐயா?

பதில்: பாரிஸ் பக்கம் அந்தக் காசுக்கு ஒழுங்கான ஒரு அறைகூடக் கிடைக்காது. ஆசை வருவது நியாயம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அந்தப் புதுப் பூச்சு.

இந்த வீடுகளின் சுவர் அரை மீட்டருக்கு மேல் தடிப்பு. இரண்டு பக்கமும் கல், நடுவில் மண்ணும் கல்லுடைசலும், பிணைப்புக்கு மண் அல்லது சுண்ணாம்பு. அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம் எதுவும் கிடையாது. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும், சுண்ணாம்பு வழியாக வெளியே போகும். அப்படித்தான் அந்தச் சுவர் நூறு, இருநூறு வருடம் நின்றது. அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சுவருக்குள் செருகியிருக்கும் மரவளையின் முனை அங்கேதான் உக்கத் தொடங்கும்.

ஆகவே நல்ல மழை பெய்த மறுநாள் இன்னொரு தடவை போங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, அலுமாரிக்குப் பின்னால் ஒரு மூலையில் பூச்சை நாணயத்தால் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்பு என்றால் மாவாக உதிரும். சீமெந்து என்றால் கோடுகூடச் சரியாக விழாது. சுவரின் கீழ் ஒரு மீட்டரில் வெள்ளை உப்புப் பூத்திருக்கிறதா? தட்டினால் பொள்ளென்று கேட்கிறதா? மரவளை சுவருக்குள் நுழையும் இடத்தில் திருப்புளியை அழுத்துங்கள். பாணுக்குள் கத்தி இறங்குவதுபோல் இறங்கினால் விலையைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை, வந்துவிடுங்கள். வெளியே மண்மட்டம் உள்ளே இருக்கும் தரையைவிட உயரமா என்பதையும் பாருங்கள்.

சீமெந்தைக் கழற்றிச் சுண்ணாம்பு பூசலாம். ஆனால் சுவர் காயவே மாதக்கணக்கில் ஆகும். அதற்கு ஊர் மேசனைத் தேடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸைக் கட்ட வருடா வருடம் நடந்தே வந்தவர்கள் கிரூஸ் மேசன்மார். அந்தக் கை அங்கே இன்னும் முற்றாக விட்டுப்போகவில்லை.

இனிப் பேப்பர்கள். ஏஜென்ட் தரும் பரிசோதனை அறிக்கைக் கட்டு தடிப்பாக இருக்கும். ஈயம், அஸ்பெஸ்டஸ், மின்சாரம், சக்திப் பாவனை எல்லாம் அதில் வரும். கருங்கல் நிலம் என்பதால் நிலத்திலிருந்து கசியும் ராடோன் என்ற கதிரியக்க வாயு பற்றியும் இருக்கும். நிலவறைக்குக் காற்றோட்டம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கூரை உறுதியா, சுவர் உறுதியா என்று அந்தக் கட்டில் ஒரு வரியும் இராது. அதற்கு நீங்களே காசு கொடுத்து ஒரு கட்டட நிபுணரையோ மேசனையோ கூட்டிப்போக வேண்டும்.

மலக்குழி அறிக்கையை மட்டும் வரிவரியாக வாசியுங்கள். அது மூன்று வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். குழி விதிப்படி இல்லை என்றால், உறுதி எழுதி ஒரு வருடத்துக்குள் திருத்தும் பொறுப்பு வாங்கியவருடையது. புதிதாக வைக்கப் பத்தாயிரம் யூரோ வரை போகலாம், சிலவேளை அதற்கு மேலும். இதை வைத்துத்தான் விலையைக் குறைக்கக் கேட்க வேண்டும்.

பேரம் முடிந்ததும் கொம்ப்ரோமி, அதாவது உறுதிக்கு முந்திய விற்பனை ஒப்பந்தம், எழுதுவார்கள். பதிவுத் தபாலில் அதன் பிரதி வந்த மறுநாளிலிருந்து பத்து நாள், காரணம் சொல்லாமலே நீங்கள் விலகலாம். விற்பவருக்கு அந்த உரிமை இல்லை. வங்கிக் கடன் எடுக்கிறீர்கள் என்றால் கடன் கிடைக்காவிட்டால் விலகும் நிபந்தனையும் அதில் இருக்கும். சீட்டுக் காசும் கைமாற்றும் போதும் என்று நினைத்து "கடன் எடுக்கமாட்டேன்" என்று கைப்பட எழுதிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். கையெழுத்துக்கு முன் யோசியுங்கள்.

நொத்தாரிஸ் செலவு பழைய வீட்டுக்குப் பொதுவாக விலையில் 7, 8 விழுக்காடு. விலை குறைந்த வீட்டில் விகிதம் அதைவிடக் கூடும். விற்பவரின் நொத்தாரிஸோடு நின்றுவிடாமல் உங்களுக்கென்று ஒருவரை வையுங்கள். கட்டணத்தை அவர்கள் இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள், உங்களுக்கு ஒரு சதமும் கூடுதலாகப் போகாது.

கேள்வி: மச்சான் கட்டட வேலை செய்கிறவர். அவரைக்கொண்டே திருத்தலாமா?

பதில்: லீவில் வந்து சும்மா கைகொடுத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. கையில் காசு கொடுத்தால் அது நுவார், அதாவது கணக்கில் காட்டாத கள்ள வேலை, இருவருக்கும் தலையிடி. வெள்ளையடிப்பு, பலகை வேலை அவரிடம் இருக்கட்டும். கூரை, சுவர், மின்சாரம் மூன்றுக்கும் பத்து வருடக் காப்புறுதி உள்ளவரைப் பிடியுங்கள். வேலை தொடங்கும் முன்பே காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியை வாங்குங்கள். இன்னொன்று: கடையில் நீங்களே சாமான் வாங்கினால் வரி 20 விழுக்காடு. இரண்டு வருடத்துக்கு மேல் பழைய வீட்டில் தொழில்காரர் சாமானோடு செய்து பில் போட்டால் பெரும்பாலும் 10 விழுக்காடுதான். மச்சான் மலிவு என்ற கணக்கை ஒருதடவை திரும்பப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கொட்டிலை வீடாக்கி வாடகைக்கு விட முடியுமா?

பதில்: காணி விவசாய வலயத்தில் இருந்தால் எளிதில் விடமாட்டார்கள். ஏஜென்டின் வாய்ச்சொல்லை நம்பாமல், மேரியில் (ஊர்ச் சபை அலுவலகத்தில்) உங்கள் திட்டத்தை எழுதி நகரமைப்புச் சான்றிதழ் கேளுங்கள். இரண்டு மாதத்தில் பதில் வரும், அது 18 மாதம் செல்லுபடியாகும். கொட்டிலுக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், அந்தப் பதில் சாதகமாக வந்தால்தான் வாங்குவோம் என்று கொம்ப்ரோமியிலேயே எழுதச் சொல்லுங்கள்.