அந்தியில் ஓடும் குழந்தை: கடிதமும் பதிலும்

வணக்கம்.

என் மகளுக்கு மூன்று வயது. வார இறுதிகளில் பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துச் சென்று படம் எடுப்பது வழக்கம். சூரியன் மறையும் நேரத்து வெளிச்சம்தான் அழகு என்று யூடியூபில் எல்லோரும் சொல்வதால், ஆறு மணிக்கு மேல்தான் கேமராவை வெளியே எடுக்கிறேன். கிடைப்பவை பெரும்பாலும் கலங்கிய படங்கள். கையில் இருப்பது ஒரு பழைய டிஎஸ்எல்ஆரும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸும். போனின் நைட் மோடில் எடுத்தால் கடல் தெளிவாக விழுகிறது. மகளுக்கு மட்டும் மூன்று கைகள். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கினால் சரியாகுமா? ஃபிளாஷ் போட்டால் குழந்தையின் கண்ணுக்குக் கெடுதல் என்று மாமியார் தடுக்கிறார். அது உண்மையா?

எம்., சென்னை

அன்புள்ள எம்.,

கேமராவுக்குப் போவதற்கு முன் 'ஆறு மணிக்கு மேல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துவிடுவோம். அந்தி வெளிச்சத்தைப் பற்றி யூடியூபில் பேசுகிறவர்களில் பலர் ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ இருப்பவர்கள். ஜூன் மாத லண்டனில் சூரியன் சாய்வாகச் சரிந்து இறங்குவதால், மறைந்த பிறகும் முக்கால் மணி நேரம் வெளிச்சம் தங்கியிருக்கும். சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறத்தாழ செங்குத்தாக இறங்கிவிடுவதால் அந்தி சுமார் 22 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. தெளிவான வானத்தில், சூரியன் மறையும் கணத்தில் தரையில் விழும் வெளிச்சம் சுமார் 400 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்றால், அந்த 22 நிமிடங்களின் முடிவில் எஞ்சுவது மூன்று நான்கு லக்ஸ்தான். சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகிக்கொண்டே போகிறது. ஜூலையில் சென்னையில் சூரியன் மறைய ஆறு நாற்பது ஆகும். நவம்பர் நடுவிலோ ஐந்து நாற்பதுக்கே மறைந்துவிடும், அப்போது நீங்கள் பையைத் திறக்கும் ஆறு மணிக்கு அந்தியே ஏறத்தாழ முடிந்திருக்கும்.

படம் கலங்குவதற்குக் காரணம் இரண்டு: நம் கை நடுங்குவது, குழந்தை அசைவது. லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு) முதலாவதை மட்டும்தான் சமாளிக்கும். ஓடும் குழந்தைக்கு 1/500 நொடி ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் அவ்வளவு நேரம் மட்டுமே திறந்திருப்பது, வேண்டும். உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்குக்கூட 1/125க்குக் கீழே போவது சூதாட்டம். நைட் மோடு பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைப்பதால், அசையாத அடிவானம் தெளிவாகவும் அசைந்த கை மூன்றாகவும் வருகின்றன. டிஎஸ்எல்ஆரில் ஷட்டர் வேகத்தை நீங்களே வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்திறனை, ஆட்டோவில் விடுங்கள். ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் புள்ளிகள் தெரியும். அவற்றைப் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், அசைவில் கலங்கிய முகத்தைத் திருத்த எதுவும் இல்லை.

ஆகவே குழந்தையின் விளையாட்டை வெளிச்சம் இறங்கும் வரிசையில் அமைத்துக்கொள்வதுதான் என் யோசனை. சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஓட்டம், பந்து, அலையைத் துரத்துவது எல்லாம் அப்போதே முடியட்டும். சூரியன் மறைந்ததும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கொடுத்து மணலில் உட்கார வையுங்கள். ஈர மணலை அடைத்துக் கவிழ்த்துவிட்டு, கிண்ணத்தைத் தூக்குவதற்கு முன் எல்லாக் குழந்தைகளும் அரை நொடி அப்படியே நிற்பார்கள், வாய் லேசாகத் திறந்திருக்கும். 1/125க்கு அது போதும். கடைசிப் பத்து நிமிடங்களுக்கு அப்பாவின் தோளோ பாட்டியின் மடியோ. பூங்காவில் ஊஞ்சல் ஆடினால், அது மேலே போய்த் திரும்பும் புள்ளியில் வேகம் ஒரு கணம் முழுதாக அற்றுப்போகும் என்பதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். 'இங்கே பார், சிரி' என்று மட்டும் சொல்லாதீர்கள். அது கற்றுக்கொடுக்கும் சிரிப்பு பள்ளிக்கூடக் குழுப் படம் வரைக்கும் பிள்ளையின் முகத்தை விட்டுப் போகாது.

சென்னைக் கடற்கரையில் சூரியன் கடலில் மறைவதில்லை என்பது பலருக்குக் குறை. குழந்தையைப் படமெடுக்கிறவர்களுக்கு அது பெரிய வசதி. கோழிக்கோட்டில் மறையும் சூரியனோடு சேர்த்துக் குழந்தையை எடுத்தால், முகம் இருண்டு நிழலுருவம்தான் மிஞ்சும். இங்கே நீங்கள் நகரத்துக்கு முதுகைக் காட்டி நின்றால், குழந்தையின் முகத்தில் மேற்கு வானத்தின் வெளிச்சம் முழுதும் விழும், பின்னால் கடல் இருக்கும். மறைந்த சில நிமிடங்களில் கடலுக்கு மேலே நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டையும் அதற்கு மேல் இளஞ்சிவப்பும் எழும். கீழே இருப்பது பூமியின் நிழல். அது மெல்ல மேலேறிக் கரைந்துபோவதற்குள் எடுத்துவிட வேண்டும். குழந்தையின் கண் மட்டத்துக்கு நீங்களும் மணலில் உட்கார்ந்தால்தான் அந்த நிறம் முகத்துக்குப் பின்னால் வரும்; நின்றுகொண்டு எடுத்தால் மணல்தான் வரும். போனில் எடுப்பதாக இருந்தால் பியூட்டி வசதியை அணைத்துவிடுங்கள். மாநிறக் குழந்தைக்குச் சுண்ணாம்பு அடித்தாற்போல் ஆக்கிவிடுகிறது, அந்தியின் நிறம் அதில் எங்கே நிற்கும்?

ஃபிளாஷ் பற்றி: வழக்கமான தூரத்திலிருந்து எடுத்தால் கண்ணுக்குக் கெடுதல் இல்லை என்று மாமியாரிடம் தைரியமாகச் சொல்லலாம். ஆனாலும் இந்த நேரத்தில் நான் போடமாட்டேன். முகம் வெளுத்து, நீங்கள் தேடிப்போன வானம் கறுத்துவிடும். இருட்டில் கண்மணி விரிந்திருப்பதால் கண்ணும் சிவப்பாக விழும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். எந்தக் குழந்தையின் ஃபிளாஷ் படங்களிலாவது ஒரு கண் சிவப்பாகவும் மற்றது திரும்பத் திரும்ப வெள்ளையாகவும் விழுந்தால், தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல நேரம் அது கண் திரும்பியிருந்த கோணத்தால் வருவதுதான், ஆனால் விழித்திரைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இனி கேமரா. ஃபுல் ஃபிரேம் சென்சார், உங்களுடையதைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெளிச்சத்தை வாங்கும். எஃப் எண் சிறிதாக ஆக லென்ஸ் அகலமாகத் திறக்கும்; 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், 55 மி.மீ.இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும் உங்கள் லென்ஸைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வாங்கும். விலையோ ஃபுல் ஃபிரேம் கேமராவின் விலையில் ஒரு சிறு பங்குதான். சூரியன் மறையும் கணத்தில் 1/250 வேகத்துக்கு உங்கள் லென்ஸ் கேட்கும் ஐஎஸ்ஓ சுமார் 5000, இந்த 50 மி.மீ. லென்ஸ் கேட்பது சுமார் 500. உங்களுடையது நிக்கானின் தொடக்க நிலை மாடலாக இருந்தால், மோட்டார் உள்ளேயே இருக்கும் லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள்; பழைய லென்ஸ்களில் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. எஃப் 1.8இல், இரண்டு மீட்டர் தூரத்தில் கூர்மையாக விழும் ஆழம் பத்து சென்டிமீட்டர் அளவுதான். குழந்தை ஓரடி முன்னால் வந்தால் ஃபோகஸ் தப்பிவிடும். வெளிச்சம் இருக்கும்வரை எஃப் 2.8இல் வைத்துக்கொண்டு, அசைவை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் கண்ணைக் குறிவைத்து, மூன்று நான்கு படங்களாக அடுத்தடுத்து எடுங்கள்.