கணவர் பெயரில் காப்பீட்டு அட்டை: மனைவியின் சிகிச்சைக்குச் செல்லாதா?

குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். வயது 66. அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற கணவர் 2024-இல் காலமானார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அதில் மாதாமாதம் காப்பீட்டுக்கு 497 ரூபாய் பிடித்தமும் ஆகிறது. 2025 ஆகஸ்டில் ஒருநாள் நள்ளிரவில் நெஞ்சுவலி. பிள்ளைகள் பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு ஓடினார்கள். ஸ்டென்ட் வைத்த செலவு 1,90,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டினார்கள். திரும்பக் கேட்டபோது, "அட்டை உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது, அந்த மருத்துவமனையும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளின் பட்டியலில் இல்லை" என்று காப்பீட்டு நிறுவனத்தார் போனிலேயே சொல்லிவிட்டார்களாம். போதாததற்கு, போன வாரம் யாரோ கூப்பிட்டு, அட்டையைப் புதுப்பிக்க ஓடிபி கேட்டிருக்கிறார்.

அம்மா, நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. போனில் சொன்னதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில், காரணத்தோடு பதில் கேளுங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் மேலே எங்கும் வாதாடுவது கஷ்டம்.

அட்டை விஷயம் எளிது. உங்களுடையது ஓய்வூதியர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2022 ஜூலை 1-இல் தொடங்கிய நான்காண்டுத் திட்டம் அது. நான்காண்டுக்கும் சேர்த்து 5 லட்சம், குறிப்பிட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் வரை. (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைபவர்கள் நிறைய.) குடும்ப ஓய்வூதியரும் இந்தத் திட்டத்தில் உறுப்பினர்தான். உங்கள் ஓய்வூதியத்தில் பிடித்த பணத்துக்கு நீங்கள்தான் காப்பீடு பெற்றவர். சிகிச்சை நடந்த மாதத்தில் 497 ரூபாய் பிடித்ததைக் காட்டும் ஓய்வூதியச் சீட்டைக் கருவூலத்தில் வாங்கிவிடுங்கள். கணவரின் இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) நகல், ஆதார் நகல் வைத்து, உங்கள் பெயரில் அட்டை வேண்டும் என்று அங்கேயே மனுவும் கொடுங்கள். ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் வருடாந்திர நேர்காணலைத் தவறவிடாதீர்கள். ஓய்வூதியம் நின்றால் பிடித்தமும் நிற்கும். அந்த இடைவெளியில் உடம்புக்கு வந்தால் வீண் தகராறு.

பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்பதுதான் உண்மையான சண்டை. இங்கே சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவர் தொடுத்த சிவகாந்த் ஜா வழக்கில் 2018 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம், மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இல்லை என்பதற்காக மட்டுமே செலவுத் தொகையை மறுக்கக் கூடாது என்றது. சிகிச்சை உண்மையில் நடந்ததா, அதற்கு ஆவணம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றமும் நம் மாநிலத் திட்டங்களில் இதே வழியில் பலமுறை உத்தரவிட்டிருக்கிறது.

ஆனால் "அவசரம்" என்பதைக் காகிதம் சொல்ல வேண்டும். இந்த மாதிரி வழக்குகளில் ஆட்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன சிகிச்சை என்று எழுதியிருப்பார்கள். எத்தனை மணிக்கு, எந்த நிலையில் வந்தீர்கள் என்பது இருக்காது. மருத்துவமனைக்கே திரும்பப் போய், அவசரப் பிரிவில் பதிந்த குறிப்பின் நகலையும், வந்தவுடன் எடுத்த ஈ.சி.ஜி.யையும், "உடனே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து" என்று மருத்துவர் கையெழுத்திட்ட சான்றையும் கேட்டு வாங்குங்கள். 108-இல் போயிருந்தால் அந்தப் பதிவும் உதவும். அசல் பில்களை யாரிடம் கொடுத்தாலும் ஒப்புகை வாங்காமல் கொடுக்காதீர்கள்.

இவற்றோடு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பரிசீலிக்கும்படி கருவூலம் வழியாக மனு போடுங்கள். முழுத் தொகையும் வரும் என்று நான் வாக்குத் தர மாட்டேன்; திட்டத்தில் அந்தச் சிகிச்சைக்கு வைத்திருக்கும் தொகை அளவுக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கும். மனு எங்கே கிடக்கிறது என்று தெரியாவிட்டால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அப்புறமும் மறுத்தால், காப்பீட்டு நிறுவனத்தின் மீது வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டு கெடு. நீங்கள் கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்பதால் அங்கே கட்டணம் கிடையாது. வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவைப் பாருங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள்.

அந்த போன்காரர் சங்கதி. ஆதார் எண்ணைச் சொன்னதாகவும், ஓடிபியைச் சொல்லாமல் வைத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஓடிபியைச் சொல்லாதது நல்ல காரியம். அட்டைக்காகக் கருவூலமோ நிறுவனமோ உங்களிடம் ஓடிபி கேட்காது. அவர் கூப்பிட்ட போன் எண்ணைக் குறித்து, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-இல் புகார் செய்யுங்கள், மகனிடம் சொல்லி ஆதார் கைரேகையை வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டிவையுங்கள். வங்கியில் ஏதாவது பணம் குறைந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாஸ்புக் போட்டுப் பார்த்துவிடுங்கள். குறைந்திருந்தால் மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.