ராஸ்பெர்ரி பை பின்களை ஷெல் ஸ்கிரிப்ட்டால் இயக்குதல்: கேள்வி பதில்

கேள்வி: ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினிப் பலகையின் 17ஆம் பின்னில் எல்இடி இணைத்திருக்கிறேன். ஸ்கிரிப்ட்டில் 0 கொடுத்தாலும் அணைவதில்லை. ஏன்?

பதில்: பலகையில் எண்ணிக்கொண்டே வந்து 17ஆவதாக உள்ள பின்னில் இணைத்துவிட்டீர்கள். அது 3.3 வோல்ட் நேரடியாக வரும் மின்பின். எந்தக் கட்டளையாலும் அதை அணைக்க முடியாது. ஸ்கிரிப்ட் குறிப்பிடும் ஜிபிஐஓ 17 (ஜிபிஐஓ என்பது நிரலால் இயக்கக்கூடிய உள்ளீட்டு-வெளியீட்டுப் பின்) பலகையில் 11ஆவது இடத்தில் இருக்கிறது. டெர்மினலில் ‘பின்அவுட்’ என்று தட்டினால் முழு வரைபடமும் கிடைக்கும். எல்இடியுடன் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேருங்கள். சிவப்பு எல்இடிக்கு ஏறத்தாழ 4 மில்லியாம்பியர் செல்லும், அதுவே போதும்.

கேள்வி: ஓஎஸ்ஸை டெபியன் 13 அடிப்படையிலான பதிப்புக்கு மாற்றினேன். பின்னுக்கு 0 அல்லது 1 எழுதும் ‘ஜிபிஐஓசெட்’ கட்டளை வரியைப் புதிய முறைப்படி திருத்திய பிறகு, ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே நின்றுவிடுகிறது.

பதில்: அது பழுதல்ல. அந்தக் கட்டளையைத் தரும் தொகுப்பு லிப்ஜிபிஐஓடி. முந்தைய டெபியன் 12இல் இருந்தது அதன் 1.6, இப்போது இருப்பது 2ஆம் வரிசை. பழையது மதிப்பை எழுதியவுடன் வெளியேறிவிடும். புதியது, நிறுத்தப்படும் வரை பின்னைத் தன் பிடியில் வைத்திருக்கும், ஏனெனில் ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) பின்னை விட்டுவிட்ட பிறகு பின்னின் நிலை அப்படியே நீடிக்கும் என்று ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே அந்த வரியின் இறுதியில் ஆம்பர்சண்ட் குறியிட்டுப் பின்னணிக்கு அனுப்பி, அதன் புராசஸ் எண்ணை ஒரு மாறியில் சேமித்து, ஸ்கிரிப்ட் முடியும்போது அந்த எண்ணுக்கு ‘கில்’ (நிறுத்தும் கட்டளை) போகும்படி தொடக்கத்திலேயே ஒரு ‘டிராப்’ வரியை (முடியும் தருணத்தில் இயங்கவேண்டியதைச் சொல்லும் வரி) எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஐயா, இவ்வளவு சிக்கல் எதற்கு? ‘எக்ஸ்போர்ட்’ கோப்பில் எண்ணையும், ‘டைரக்‌ஷன்’ கோப்பில் திசையையும், ‘வேல்யூ’ கோப்பில் 1ஐயும் ‘எக்கோ’ செய்தால் முடிந்துவிடுகிறதே!

பதில்: கோப்புகளில் எழுதிப் பின்னை இயக்கும் அந்த ஸிஸ்எஃப்எஸ் முறை, 2016இல் வெளிவந்த கெர்னல் 4.8இல் லிப்ஜிபிஐஓடி பயன்படுத்தும் புதிய இடைமுகம் அறிமுகமானபோதே கைவிடப்படவேண்டியது என அறிவிக்கப்பட்டுவிட்டது. கெர்னல் 6.6க்கு மாறியவர்களின் பழைய ஸ்கிரிப்ட்டுகள் பிழை காட்டியதற்குக் காரணம், பை 4, அதற்கு முந்தைய பலகைகளின் பின் எண்கள் அங்கே 512இலிருந்து தொடங்குவதே. 17 என்பது 529 ஆகிவிட்டது.

கேள்வி (அதே நண்பர்): 529 என்று மாற்றினேன், ஓடுகிறது. பிரச்சினை தீர்ந்தது அல்லவா? ஸ்கிரிப்ட் முடிந்த பிறகும் பின் 1லேயே இருப்பது எனக்கு வசதிதான்.

பதில்: எண்ணை மாற்றிவிட்டீர்கள், எண்ணைவிடப் பெரிய சிக்கல் அப்படியே இருக்கிறது. தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டாரை ஒரு பின் இயக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். நேரப்படி இயக்கும் ஸ்கிரிப்ட் 1 எழுதுகிறது. நீர்மட்டம் பார்க்கும் ஸ்கிரிப்ட் 0 எழுதுகிறது. அடுத்த நொடியில் முதலாவது மீண்டும் 1 எழுதுகிறது. ஸிஸ்எஃப்எஸ் இருவரையும் அனுமதிக்கும், யாரையும் எச்சரிக்காது. புதிய முறையில் ஒரு புராசஸ் பிடித்திருக்கும் பின்னை இன்னொன்று கேட்டால் ‘பிஸி’ என்ற பிழையோடு திருப்பி அனுப்பப்படும். ‘ஜிபிஐஓஇன்ஃபோ’ கொடுத்தால் பிடித்திருப்பவரின் பெயரையே படிக்கலாம். நீங்கள் வசதி என்று சொல்வது, ஸ்கிரிப்ட் நடுவில் இறந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான். தொடக்க நிலையை, பை எழும்பும்போது படிக்கும் ‘கான்ஃபிக்’ கோப்பில், அந்தப் பின் வெளியீடாகவும் தாழ்நிலையிலும் இருக்கும்படி எழுதுங்கள். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்சுவிட்சான ரிலேயின் உள்ளீட்டை 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் கிரவுண்டுடனும் இணையுங்கள். பை எழும்பும்போது பின்கள் உள்ளீடாகவே இருக்கும் என்பதால், அந்தச் சில நொடிகளுக்கு இந்த ரெசிஸ்டர்தான் காவல்.

கேள்வி: பை 5இல் பின்களை இயக்கும் ‘சிப்’பின் எண் 4 என்று சிலரும் 0 என்று சிலரும் சொல்கிறார்கள்.

பதில்: இரண்டும் உண்மை, தொடக்கத்தில் 4ஆக இருந்தது, பிந்தைய கெர்னல்களில் 0 ஆனது. எண்ணையே நம்பாதீர்கள். இரண்டாம் வரிசைக் கருவிகளில் ‘ஜிபிஐஓ17’ என்ற பெயரை மட்டும் கொடுத்தால், சிப்பை அதுவே தேடிக்கொள்ளும்.

கேள்வி: மீயொலித் தூர உணரி எச்.சி-எஸ்ஆர்04ஐ நேரடியாக இணைக்கலாமா?

பதில்: கூடாது. அதன் ‘எக்கோ’ என்னும் வெளியீட்டுக் கால் 5 வோல்ட் தருகிறது. பையின் ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை. 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் மின்னழுத்தத்தைப் பிரித்துக் கொடுங்கள். அதற்குப் பிறகும் ஷெல் உங்களுக்கு உதவாது: 1 சென்டிமீட்டர் தூரத்துக்கு ஒலி போய்த் திரும்ப ஏறத்தாழ 58 மைக்ரோநொடி, ஆனால் ஷெல் ஒரு கட்டளையைத் தொடங்குவதற்கே மில்லிநொடிக் கணக்கில் ஆகும். சி மொழியில் எழுதுங்கள். வெப்பநிலை மட்டும் போதுமென்றால் டிஎஸ்18பி20 என்னும் வெப்ப உணரியை வாங்குங்கள். கெர்னலே அளந்து ஒரு கோப்பில் வைத்துவிடுகிறது, கோப்பைக் காட்டும் ‘கேட்’ கட்டளையைக் கொடுத்தால் போதும். 85 டிகிரி என்று வந்தால் அது உணரி மின்சாரம் பெற்றவுடன் காட்டும் தொடக்க மதிப்பாக இருக்கலாம், மீண்டும் படியுங்கள்.

கேள்வி: 11ஆம் பின்னுக்கு என்ன எண் கொடுக்கவேண்டும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 5 வோல்ட் ரிலேயின் சுருளைப் பின்னில் நேராக இணைத்தால்?

பதில்: பின் கெடும். பிசி547 டிரான்சிஸ்டர், அதன் பேஸுக்கு 1 கிலோ ஓம், சுருளின் குறுக்கே எதிர்த்திசையில் 1என்4007 டையோடு ஆகிய மூன்றும் கட்டாயம். ரிலேயின் மறுபக்கத்து 230 வோல்ட் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கேள்வி: ஒருமுறை பட்டனை அழுத்தினால், பின்னின் மாற்றங்களைக் கவனிக்கும் ‘ஜிபிஐஓமான்’ நான்கைந்து முறை பதிவு செய்கிறது.

பதில்: பட்டனின் உலோகத் தகடுகள் அதிர்வதால் அப்படி நேர்கிறது. பட்டனைப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே வைத்து, பின்னை மேல்நிலையில் வைத்திருக்கும் உள் புல்-அப் ரெசிஸ்டரை இயக்கி, இரண்டாம் வரிசைக் கருவியின் டீபவுன்ஸ் காலத்தை (அதிர்வுகளைப் புறக்கணிக்கும் நேரம்) 10 மில்லிநொடியாகக் கொடுங்கள்; மலிவான பட்டனாக இருந்தால் 30 வரை கூட்டிப் பாருங்கள்.