திரும்பி வந்தவர்களுக்குச் சான்று கிடையாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் குளிர்காலத்தில் நாங்கள் ஐந்து பேர் பனிமூடிய முகடு ஒன்றில் ஏறப்போகிறோம். எங்களை அழைத்துச் செல்பவர் இருபது ஆண்டுகளாக அதே சாய்வில் ஏறி இறங்கியவர். ஆகவே பனிச்சரிவு பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. இருந்தாலும் பனிச்சரிவில் இழுத்தால் பலூன் போல ஊதிக்கொள்ளும் ஏர்பேக் முதுகுப்பை வாங்கலாமா, அல்லது புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சமிக்ஞையால் காட்டும் டிரான்ஸீவர் மட்டும் போதுமா? பனி பெய்து ஓய்ந்து வானம் தெளிந்த மறுநாளே ஏறுவது நல்லதுதானே? சியாச்சினில் ஆறு நாள் பனிக்கடியில் உயிரோடிருந்த வீரரை நினைத்தால் நம்பிக்கை வருகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்,

டிரான்ஸீவர், பனிக்குள் குத்தித் தேடும் ப்ரோப் கம்பி, தோண்டும் ஷவல் மூன்றும் ஐந்து பேரிடமும் இருக்கட்டும். புதைந்தபின் உங்களைத் தோண்டப்போவது மற்ற நால்வர்தான். ஏர்பேக் உங்களைப் பனியின் மேல்மட்டத்தில் வைத்திருக்க உதவும். பாறையில் மோதுவதை அது தடுக்காது. கருவிகள் பற்றி இவ்வளவு போதும்.

சியாச்சின் உதாரணம் எனக்குக் கோபம் தருகிறது. 2016 பிப்ரவரியில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு மீட்டார்கள். சில நாட்களில் அவர் மருத்துவமனையில் இறந்துபோனார். அவரோடு புதைந்த ஒன்பது பேரும் இறந்தார்கள். அந்த ஒன்பது பேரை விட்டுவிட்டு எப்படி நம்பிக்கையைக் கணக்கிட்டீர்கள்? முதல் பத்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்பட்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரைமணி தாண்டிவிட்டால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. மீட்புப் படை வந்து சேர்வதற்குள் அந்த நேரம் போய்விடும்.

தெளிந்த மறுநாள்தான் பலர் சாகிற நாள். புதுப்பனியின் எடையை அடியில் உள்ள அடுக்கு இன்னும் தாங்கிப் பழகியிருக்காது. காற்று முகட்டைத் தாண்டிப் பனியை அள்ளிவந்து மறுபக்கத்தில் இறுகிய பாளமாகப் படியவைத்திருக்கும். வெயிலில் அது அழகாக மின்னும்.

இனி அந்த இருபது ஆண்டுகள். சில வாரங்களாக நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், உங்களுக்கு எழுத உட்கார்ந்ததும் இதனால்தான்.

மெல்லிய பனியில் நீண்ட கடுங்குளிர் பிடித்தால் அடியில் உள்ள பனி, சர்க்கரை போல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிவிடும். அதன்மேல் பாளம் படிந்தால் அந்த வலுவற்ற அடுக்கு உடையாமல் வாரக்கணக்கில் காத்திருக்கும். பாளம் தடித்த இடத்தில் நீங்கள் மிதித்தால் எடை கீழே எட்டாது, நீங்கள் கடந்துவிடுவீர்கள். நான்கடி தள்ளி, பாறையோரம் மெலிந்த இடத்தில் பின்னால் வருபவர் மிதித்தால் சாய்வு முழுக்க உடையும். எனவே ஒருவர் கடந்துபோனது எதற்கும் சான்றல்ல. இருபது ஆண்டு கடந்துபோனதும் சான்றல்ல. அந்தச் சாய்வு ஒருமுறைகூட அவரிடம் "இன்று தப்பித்தாய்" என்று சொல்லியிருக்காது. ஒவ்வொரு முறையும் அவர் தன் கணிப்பு சரி என்ற எண்ணத்தோடு இறங்கிவந்திருப்பார். அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயன் மெக்கமன், பழகிய இடம் என்ற நினைப்பு பயிற்சி பெற்றவர்களையும் துணிய வைக்கிறது என்று கண்டார். புகழ்பெற்ற இமயமலையேறி அனடோலி புக்ரயேவைவிட அனுபவசாலியை எங்கே தேடுவது? 1997 டிசம்பர் 25 அன்று அன்னபூர்ணாவில் பனிச்சரிவு அவரைக் கொண்டுபோனது.

எங்கள் குழுவில் ஒரு தோழி இருந்தாள். குழுவிலேயே அனுபவம் குறைந்தவள், அதிகம் பேசாதவள். ஒருநாள் காலை சாய்வின் அடியில் கால் வைத்ததும் "வும்ப்" என்று அமுங்கிய ஓசை கேட்டது. எல்லோரும் கேட்டோம். அவள் மட்டும் நின்று, "நான் வரவில்லை" என்றாள். அழைத்துச் சென்றவர் கடுகடுத்தார், இந்த மலை எனக்கு வீட்டு முற்றம் மாதிரி என்றார். நான் அவளோடு திரும்பினேன், வேறு வழியில்லாமல் மற்றவர்களும் இறங்கினார்கள். மறுநாள் வேறொரு குழு அதே சாய்வில் ஏறி, உச்சி தொட்டு, சிரித்துக்கொண்டு வந்தது. அன்று இரவு குடிலில் யாரும் அவளோடு பேசவில்லை. அதன்பின் அவளை எந்தப் பயணத்துக்கும் அழைக்கவுமில்லை. பல ஆண்டுகள் கழித்தும் "எதுவுமே நடக்கலையே" என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்.

ஆனால் அவள் சொன்னது சரி. அந்த ஓசை, அடியில் வலுவற்ற அடுக்கு நொறுங்கும் ஓசை. 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வில் அதைக் கேட்டபின் மேலே போக ஒரு காரணமும் கிடையாது. மறுநாள் அந்தக் குழு பிழைத்ததால் அவள் முடிவு தவறாகிவிடாது. சாய்வு உடைந்திருந்தால் அவளைத் தெய்வம் என்றிருப்பார்கள். உடையாததால் கோழை என்றார்கள். திரும்பிவருபவருக்கு மலை ஒருபோதும் சாட்சி சொல்வதில்லை ஆர், அதனால்தான் திரும்புவது இவ்வளவு கடினம்.

உங்கள் ஐவரில் யாருக்கும் வாய் திறக்கத் துணிவிருக்குமா? இல்லையென்றால் கிளம்பும் முன்பே, கீழே வைத்தே பேசிவிடுங்கள்: ஒருவர் வேண்டாம் என்றால் ஐவரும் இறங்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது, பிறகு குத்திக்காட்டவும் கூடாது. அழைத்துச் செல்பவரிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள். இந்த இருபது ஆண்டுகளில் அந்தச் சாய்விலிருந்து எந்தெந்த நாட்களில், எதைப் பார்த்துத் திரும்பிவந்தார்? அவரால் ஒரு நாளைக்கூடச் சொல்ல முடியவில்லை என்றால் அவரோடு போகாதீர்கள்.